முன்னால் போன முதுகு

அவருடைய முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும். ஏழெட்டு வருசம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டேதான் பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசத்துக்குச் சைக்கிள் மிதித்திருக்கிறேன். வெளுத்துப்போன காக்கிச் சட்டை. இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு தையல் விட்டிருக்கும். வியர்வை முதலில் நடுமுதுகில் கோடு மாதிரி இறங்கும். வீரவநல்லூர் வரும்போது மொத்தச் சட்டையும் நனைந்து ஒட்டிக்கிடக்கும். முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்கணும். மீசை உண்டு. காதில் முடி உண்டு. அவ்வளவுதான்.

பெயரைச் சொல்ல வேண்டாம். எங்களுக்கு அவர் டிரைவர் அண்ணாச்சி. அரசு பஸ்ஸில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை பெரும்பாலும் பாபநாசம் லைனிலேயே ஓட்டியவர். இப்போது களக்காட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். சைக்கிள் ஓட்டுவதில்லை.

நாங்கள் நாலு பேர். அண்ணாச்சி, பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிற வாத்தியார் ஒருவர், சவுதியில் சம்பாதித்ததில் பாதியைச் சைக்கிளில் போட்டுவிட்ட மேலப்பாளையத்துப் பாய் ஒருவர், அப்புறம் நான். சாதாரண ஞாயிறுகளில் சேரன்மகாதேவி வரை போய்த் திரும்பிவிடுவோம். மாதத்தில் ஒரு ஞாயிறு பாபநாசம். விடியற்காலம் கிளம்பி, ஆற்றில் குளித்து, ஏதாவது தின்று, சாயங்காலம் வீடு வந்து சேர்வோம். எனக்குச் சைக்கிள் மேல் ஆசையெல்லாம் ஒரு மண்ணும் கிடையாது. சுகர் ஏறிவிட்டது. டாக்டர் ஏசினார். வீட்டுக்காரி டாக்டரைவிடக் கூடுதலாக ஏசினாள். வாரமெல்லாம் ஆபீசில் உட்கார்ந்து ஓய்ந்துபோனவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் உட்காரத்தான் ஆசை. யார் கேட்கிறார்கள்!

முதல் தடவை பாபநாசம் போனது ஓர் ஆடி மாதம். எங்கள் ஊர்ப்பக்கம் ஆனி ஆடியில் மேகாத்து, அதாவது மேற்குக் காற்று, கிளம்பிவிடும். மலை இடைவெளி விட்ட இடத்தில் புகுந்து ஆற்றோடு கிழக்கே இறங்குகிற காற்று. பாபநாசம் போகிற வழியெல்லாம் எதிரே நின்று நெஞ்சில் கையை வைத்துத் தள்ளும். பத்தமடை தாண்டியதும் நான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு புளியமரத்து மூட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

“என்னைய விட்டுட்டுப் போங்க. நான் பஸ்ஸப் பிடிச்சி வீட்டுக்குப் போறேன்” என்றேன்.

அண்ணாச்சி திரும்பி வந்தார். “எந்திரியும் வே. பஸ்ஸுல போறதுக்கா இம்புட்டு தூரம் மிதிச்சீரு? எம் பின்சக்கரத்துக்கும் உம்ம முன்சக்கரத்துக்கும் நடுவுல ஒரு முழம். அதுக்கு மேல விட்டுராதீரும். கண்ண எம் முதுகுல வையும். காத்த நான் பாத்துக்கிடுதேன்.”

அழாத குறையாக எழுந்து அவர் பின்னால் ஒட்டினேன். ஜன்னலைச் சாத்தியது மாதிரி காற்று நின்றுவிட்டது. காதில் இரைச்சல் இல்லை, நெஞ்சில் தள்ளு இல்லை. அவர் சட்டை மட்டும் இரண்டு பக்கமும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த மனுசர் என்னைவிடப் பத்து வயசாவது மூத்தவர். என் பங்குக் காற்றையும் சேர்த்து அவர்தான் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அப்பாடா என்றும் இருந்தது. அப்பாடாதான் ஜாஸ்தி.

முன்னால் போகிறவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பின்னால் ஒட்டி வருகிறவனுக்கு ரோடு தெரியாது, முதுகுதான் தெரியும். பள்ளம் மேடெல்லாம் முன்னவர் கையால் சொல்லணும். அண்ணாச்சி கையைத் தாழ்த்தி விரலால் குத்திக் காட்டினால் பள்ளம். உள்ளங்கையை விரித்து ஆட்டினால் ஜல்லி. முஷ்டியைத் தூக்கினால் நிற்கணும். நாய்க்குத் தனியாக ஒரு சைகை வைத்திருந்தார், அதை இங்கே விவரிக்க முடியாது. “முன்னால போறவன் தும்மக்கூடக் கூடாது” என்பார். உண்மையிலேயே அவர் சைக்கிளில் தும்மி நான் பார்த்ததில்லை.

பாய் ஒருநாள் சொல்லிப் பார்த்தார். “ஆளுக்குக் கொஞ்ச நேரம் மாத்தி மாத்தி முன்னால போவோம் அண்ணாச்சி. வெளிநாட்டுல எல்லாம் அப்பிடித்தான் ஓட்டுதான்.”

“வெளிநாட்டுல மேகாத்து அடிக்கா வே?”

“ஏன், அங்கயும் காத்து அடிக்கத்தான் செய்யும்.”

“அப்ப அங்கன போயி மாத்தி ஓட்டும். இங்கன நான் இருக்கேன்லா?”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பின்னால் வருவது என்பது அவருக்கு உடம்புக்கே ஆகாது. “எனக்குப் பின்னால ஒரு பஸ்ஸு சனம் வாயத் தொறந்து தூங்கிட்டு வரும். நான் முழிச்சிருக்கேன்னு நம்பித்தானே தூங்குது? அப்பிடியே இருந்து பழகிட்டேன். பின்னால உக்காந்தா எனக்குக் கொமட்டும்” என்பார். ஒரு கல்யாணத்துக்கு வேனில் சேர்ந்து போனோம். முன் சீட்டு மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு என்று போட்டிருந்தார்கள். தாய்மாமன் பின்னால் போனார். வழியெல்லாம் அண்ணாச்சியின் வலது கால் வேன் தரையை மிதித்துக்கொண்டே வந்தது, இல்லாத பிரேக்கை. அந்த வேன் டிரைவர் பாவம், கடைசியில் பொறுக்கமாட்டாமல் “அண்ணாச்சி, நீங்களே ஓட்டுதீகளா?” என்று கேட்டுவிட்டான். “வண்டிய ஓரமா நிறுத்து” என்று இவர் கதவைத் திறக்கப் போனார்!

அவர் வீட்டு அம்மாவை நாங்கள் மைனி என்போம். மைனி சிரித்துக்கொண்டே சொல்வார்கள். “கல்யாணமான புதுசுல நெல்லையப்பர் கோயிலுக்குப் போனாலும் பத்தடி முன்னாலதான் போவாரு. அவர் மூஞ்சியப் பாக்கணும்னா நான் ஓடணும்.” சொல்லும்போது சிரிப்புதான். ஆனால் ஓடி ஓடிச் சலித்த குரலும் அதில் இருக்கும்.

எனக்கும் சில சமயம் எரிச்சல் வரும். மனுசனுக்குக் காய்ச்சல் என்றாலும் முன்னால்தான். ஒரு தடவை இருமிக்கொண்டே கல்லிடைக்குறிச்சி வரைக்கும் இழுத்தார். வாத்தியார் பக்கத்தில் போய், “பைய பின்னால வாங்க, நான் கொஞ்ச தூரம் போறேன்” என்று கெஞ்சினார். அண்ணாச்சி மிதியைக் கூட்டினார். அவர் காய்ச்சலில் மிதித்த வேகத்துக்கு நல்ல உடம்போடு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. பாபநாசம் படித்துறையில் உட்கார்ந்து நான் கத்தினேன். “ஒரு ஆளு ஒதவி செஞ்சா வாங்கிக்கிடத் தெரியணும் அண்ணாச்சி. நாங்க என்ன செத்தா போயிட்டோம்?” அவர் தண்ணீரில் இறங்கி, ஆழம் பார்த்துவிட்டு, “இங்கன எறங்கும் வே, பாறை இல்ல” என்றார். அவ்வளவுதான் பதில்.

பிறகு அந்த ரோட்டை அகலப்படுத்த ஆரம்பித்தார்கள். மருதமரங்களும் புளியமரங்களும் போயின. நான் உட்கார்ந்து அழப்பார்த்த புளியமரமும் போயிற்று. பழைய பள்ளங்களை எல்லாம் மூடிப் புதுசாகத் தார் போட்டார்கள். ஓட்டுகிறவனுக்குச் சொகுசுதான்.

காருகுறிச்சி தாண்டி முன்பு ஒரு பெரிய பள்ளம் உண்டு. இடது ஓரம், ஒரு மருதமரத்தை ஒட்டி. மழையில் அது நிறைந்து கிடந்தால் தெரியாதவன் விழுந்தே தீருவான். தார் போட்ட பிறகு அந்த இடம் கண்ணாடி மாதிரி கிடந்தது, மரமும் இல்லை. ஒரு ஞாயிறு அங்கே அண்ணாச்சி கையைத் தாழ்த்திப் பள்ளம் என்று காட்டினார். நாங்களும் ஆட்டுமந்தை மாதிரி விலகிப்போனோம். தாண்டிய பிறகுதான் பாய் சிரித்தார். “கை பழகிப்போச்சி அண்ணாச்சிக்கு!” எல்லாரும் சிரித்தோம். அடுத்த மாதமும் காட்டினார். அப்போது பாய் மட்டும் சிரித்தார்.

அதற்கடுத்த தடவை, பத்தமடை வருவதற்கு முன்னால், குழாய் பதிக்க ரோட்டுக்குக் குறுக்கே வெட்டியிருந்தார்கள். நல்ல வெளிச்சம். பட்டப்பகலில் தெரிகிற வெட்டு. அண்ணாச்சி கை காட்டவில்லை. அவர் சைக்கிள் டமாரென்று விழுந்து எழுந்து எப்படியோ நிமிர்ந்துவிட்டது. ஒரு முழம் பின்னால் வந்த நான் அந்தரத்தில் போனேன். தோள்பட்டையில் ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. வாத்தியாரும் பாயும் ஓரத்தில் சரிந்து ஒதுங்கிவிட்டார்கள், நான் ரோட்டின் நடுவில் கிடந்தேன். பின்னால் வந்த மணல் லாரி பிரேக்கடித்து, அதன் சக்கரம் என் காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ரப்பர் கருகிய வாடை. லாரிக்காரன் இறங்கி வந்து என் தாயையும் தகப்பனையும் ஏசினான்.

அண்ணாச்சி ஓடி வந்து என்னைத் தூக்கினார். “சூரியன் கண்ணுல அடிச்சிட்டு வே. தெரியல. சவத்து வெயிலு” என்றார்.

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் வாத்தியாரைப் பார்த்தேன். காலையில் மேற்கே போகிறோம். சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

தோள்பட்டை எலும்பு முறிவு என்று மாவுக்கட்டு போட்டு வீட்டில் கிடந்தேன். ஒரு நாள் மத்தியானம் மைனி மட்டும் வந்தார்கள். கையில் ரொட்டிப் பொட்டலம். கொஞ்ச நேரம் என் வீட்டுக்காரியோடு பேசிவிட்டு, அவள் காப்பி போட உள்ளே போனதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்கள்.

“தம்பி, அவருக்குக் கண்ணு போயிட்டிருக்கு. ரெண்டு வருசமாச்சி. கண்ணுக்குள்ள பிரஷராம். நரம்பு செத்துக்கிட்டே வருதாம், போனது வராதாம். நேரா ஒரு குழாய் வழியாப் பாக்க மாதிரிதான் தெரியும். பக்கத்துல, கீழ, ஒண்ணும் தெரியாது. சோத்துத் தட்டுக்குப் பக்கத்துல தண்ணி வச்சா தட்டி விட்டுருதாரு.”

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டவில்லை, ஞாபகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். ரோடு பழையபடி இருந்தவரைக்கும் கையும் சரியாகக் காட்டியது. நாங்கள் மூன்று பேரும் அந்த ஞாபகத்துக்குப் பின்னால் ஒரு முழம் விட்டு ஒட்டி வந்துகொண்டிருந்தோம். அந்த லாரிச் சக்கரம் நினைவு வந்தது.

“சைக்கிளத் தூக்கிப் போடச் சொல்லுங்க மைனி!” என்று கத்தினேன். தோள் வலித்தது.

“சொல்லாதீங்க தம்பி. அது மட்டும் சொல்லாதீங்க. பஸ்ஸ விட்ட பெறகு அவருக்கு அந்த ஒரு ஞாயித்துக்கெழமதான் இருக்கு. நீங்க அவரப் பின்னால வரச் சொல்லுங்க. நேரா ஒரு ஆளு தெரிஞ்சாப் போதும், ஓட்டிருவாரு. தனியாப் போனா எங்கயாவது லாரியில விழுந்து செத்துருவாரு.” மைனி முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். “நான் சொன்னா எந்தக் காலத்துல கேட்டிருக்காரு?”

இந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் வாங்கி வந்த வரம் அப்படி. கட்டுப் பிரித்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பாதி எண்ணெய் தரையில் விழுந்தது.

“அண்ணாச்சி, இனிமே நீங்க பின்னால வரணும்.”

“யாரு சொன்னா? அவளா?”

“என் தோளு சொல்லுது.”

அவர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். “என்னையக் குருடன்னு சொல்ல வந்தீரோ?”

“ஆமா. அதான் சொல்ல வந்தேன்.”

எனக்கு நயமாகப் பேச அன்றைக்குத் தெம்பு இல்லை. அவர் எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. தனியாகப் போய்விடுவாரோ என்று பயந்து மைனி சைக்கிளைப் பூட்டிச் சாவியை அரிசிப் பானைக்குள் போட்டுவைத்தார்களாம். ஒவ்வொரு நாளும் போன் அடித்தால் முதல் மணியிலேயே ஓடிப்போய் எடுப்பேன்.

மறுபடியும் போனேன். அவர் நாற்காலியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் படியில் உட்கார்ந்தேன்.

“நான் ஓஞ்சிட்டேன் அண்ணாச்சி” என்றேன். “ஆபீசுலயும் ஓஞ்சாச்சு, உடம்பும் ஓஞ்சிட்டு. உங்ககூடச் சண்டை போடவும் தெம்பு இல்ல. வார ஞாயிறு பாபநாசம் போறோம். மேகாத்து ஆரம்பிச்சிட்டு. முன்னால போக எங்க மூணு பேருக்கும் ஒரு எழவும் தெரியாது. பின்னால இருந்து நீங்க சொல்லுங்க. இல்லேன்னா நானும் போகல. சுகர் ஏறிச் சாவுதேன்.”

அவர் சிரித்தாரா முறைத்தாரா தெரியாது. சொன்னேனே, அந்த முகம் எனக்குப் பழக்கமில்லை.

“காலமெல்லாம் கண்டக்டர ஏசிட்டு, கடைசியில எனக்கே அந்த உத்தியோகமா?” என்றார். பிறகு உள்ளே பார்த்து, “ஏட்டி, அந்தச் சாவிய எடு. அரிசி வேகுததுக்கு முன்னால எடு” என்று கத்தினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான்தான் முன்னால். காற்று என்றால் காற்று, அப்படி ஒரு காற்று. முன்னீர்பள்ளம் ஊர் வரும்போதே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. முகத்தில் மண் அடிக்கிறது, கண்ணைத் திறக்க முடியவில்லை. இத்தனை வருசம் இதையா இந்த மனுசன் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கினார் என்று நினைத்துக்கொண்டே மிதித்தேன். ஒரு முழம் பின்னால் அண்ணாச்சி. அவருக்குப் பின்னால் வாத்தியாரும் பாயும். பின்னாலிருந்து அதட்டல் வந்துகொண்டே இருந்தது. “கழுத்த நேரா வையும்! கைய இறுக்காதீரும்! முன்னால போறவன் ஆடுனா பின்னால அத்தனை பேரும் ஆடுவான்!”

காருகுறிச்சி தாண்டியது. “மருதமரத்துப் பள்ளம் வருது. இடது! காட்டும்!” என்றார்.

“அங்கன ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. மூடிட்டான். மரமும் இல்ல” என்று கத்தினேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு பின்னால் சக்கரச் சத்தம் குறைந்தது மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஒரு முழம் மூன்று நாலு முழமாகியிருந்தது. தலையைத் தொங்கப்போட்டு மிதித்துக்கொண்டிருந்தார். அதட்டல் நின்றுவிட்டது. வீரவநல்லூர் வரைக்கும் காற்றுச் சத்தம் மட்டும்தான். என் வாயில் மண்ணைப் போட!

ஊர் தாண்டியதும், “இந்தப் பக்கம் வாய்க்கால் மதகுகிட்ட ஒரு பள்ளம் உண்டும்லா?” என்றார். பழைய அதட்டல் இல்லை, கேள்வி மாதிரிதான் கேட்டார்.

அங்கேயும் தார் போட்டாயிற்று. வழவழவென்று கிடந்தது. நான் இடது கையைத் தாழ்த்தி, விரலால் குத்திக் காட்டினேன். காட்டிவிட்டு வலது பக்கம் விலகினேன். அண்ணாச்சி விலகினார். வாத்தியார் கையைக் காட்டிவிட்டு விலகினார். கடைசியில் வந்த பாய்க்குப் பின்னால் யாருமே இல்லை. அவரும் கையைக் காட்டிவிட்டு விலகினார்.

“கழுத்த நேரா வையும் வே!” என்று பின்னால் சத்தம் வந்தது.

பாபநாசத்தில் படித்துறையில் உட்கார்ந்தோம். வாத்தியாரும் பாயும் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். எனக்கு எழுந்திருக்கவே முடியவில்லை, தொடை இரண்டும் துடித்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி என் பக்கத்தில் படியைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

“அந்த மதகுப் பள்ளத்தையும் மூடிட்டான், என்ன?” என்றார்.

நான் காலை நீட்டித் தொடையைப் பிடித்துவிட்டேன்.

“நீரு சொன்ன பெறகுதான் காதக் குடுத்தேன், சக்கரம் போற சத்தத்துலயே தெரிஞ்சிது வே. புதுத் தாரு சத்தம் வேற. பெறகு எதுக்குக் கைய காட்டுனீரு?”

“நீங்க கேட்டீகள்லா” என்றேன்.

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அதில் எவ்வளவு தெரிந்ததோ. “வழியெல்லாம் உம்ம முதுகு மட்டுந்தாம் வே தெரிஞ்சிது” என்றார். “சுத்தி ஒரே இருட்டு. மரம் இல்ல, வயல் இல்ல, வாய்க்கால் இல்ல. நடுவுல உம்ம சட்ட மட்டும். அதுலயே கண்ண வச்சிட்டு வந்தேன். கொமட்டல.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதேன். அவர் பார்த்திருக்க முடியாது, நான் அவருக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது காற்று முதுகில். மிதிக்கவே வேண்டாம், அதுவே தள்ளிக்கொண்டு வரும். முன்னால் போவதற்கு ஒரு பிரயோசனமும் இல்லாத நேரம். அதனால், “இப்ப வேணும்னா நீங்க முன்னால போறீகளா?” என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். “வேண்டாம், நீரே போம்” என்றார்.

வெயில் தாழ்ந்துவிட்டிருந்தது. எல்லாருக்கும் அவ்வளவு அலுப்பு. காருகுறிச்சிக்குக் கொஞ்சம் முன்னால் அந்த மருதமரம் நின்ற இடம் வந்தது. திரும்பும்போது அது எங்களுக்கு வலது பக்கம். பின்னாலிருந்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் என் பாட்டுக்கு வலது கையைத் தாழ்த்தி, விரலால் குத்திக் காட்டினேன்.

“பாத்தேன் வே” என்றார்.